லெஸ்டரிலிருந்து மெல்பர்னுக்கு: பணத்துக்கு முன்னால் தேதிகளை எண்ணுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். பதினான்கு வருடமாக இங்கிலாந்தின் லெஸ்டரில் வாழும் தமிழ்க் குடும்பம். மனைவி என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில் நர்ஸ், வயது 38. கணவருக்கு மென்பொருள் சோதனை வேலை, வயது 42. பத்து வயதில் ஒரு பிள்ளை, நாலு வயதில் ஒரு பிள்ளை. நால்வருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கடனில் வாங்கிய வீடு ஒன்று, கையில் 35,000 பவுண்டு சேமிப்பு. மனைவியின் அப்பா அம்மா லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார்கள். மெல்பர்னுக்குப் போய்க் குடியேற இந்தப் பணம் போதுமா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் போதும். ஆனால் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்கிறீர்கள் என்பதில்தான் அது மிஞ்சுவதும் கரைவதும் இருக்கிறது. நாங்கள் லண்டனின் ஹாரோவிலிருந்து 2013 தொடக்கத்தில் இங்கே மெல்பர்னுக்கு வந்தோம். டிக்கெட், விசா, கப்பலில் போகும் சாமான் எல்லாவற்றுக்கும் பைசா பைசாவாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். இழந்தது அதிலெல்லாம் இல்லை, தேதிகளைக் கவனிக்காமல் விட்டதில். அதனால் தேதிகளைப் பிடித்துக்கொண்டே சொல்கிறேன்.

முதல் தேதி உங்கள் மனைவியின் 40ஆவது பிறந்தநாள். ஆஸ்திரேலியாவின் புள்ளி முறையில் 33 முதல் 39 வயது வரை 25 புள்ளி. 40 பிறந்ததும் அது 15 ஆகிவிடும். 45 ஆகிவிட்டால் 189, 190 போன்ற, தொழில் திறமையை வைத்துத் தரும் நிரந்தர விசாக்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பே கிடையாது. வயதை அவர்கள் பார்ப்பது அழைப்பு வரும் நாளில், நீங்கள் விருப்பத்தைப் பதிவு செய்த நாளில் இல்லை. உங்கள் வீட்டில் கணவர் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவருக்கு இப்போதே 15தான். மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வையுங்கள். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, எட்டு வருட வெளிநாட்டு அனுபவத்துக்கு 15, ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கினால் 20. ஆக 75. குறைந்தபட்சம் வேண்டியது 65. கணவரின் தொழிலும் அரசின் தொழில் பட்டியலில் இருந்து மதிப்பீட்டில் தேறினால் துணைவருக்கான புள்ளிகளும் சேரும்.

ஆங்கிலத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருப்பவருக்குத் தேர்வு வேண்டாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அது பாதிதான் சரி. பாஸ்போர்ட்டைக் காட்டினால் தகுதி உண்டு, புள்ளி பூஜ்யம். அந்த 20 புள்ளி வேண்டுமென்றால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உட்கார்ந்து எழுதுகிறார்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நர்ஸ்களுக்கு இரண்டு வாசல் உண்டு. இங்கே வேலை பார்ப்பதற்கான பதிவு ஆப்ரா என்ற அமைப்பிடம். குடியேற்றத்துக்கான தகுதி மதிப்பீடு அன்மாக் என்ற இன்னொரு அமைப்பிடம். ஒன்று முடிந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது: பிரிட்டன், அயர்லாந்து போன்ற நாடுகளில் பதிவு பெற்று, 2017க்குப் பின் 1,800 மணி நேரமாவது வேலை செய்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் விரைவு வழி ஒன்று திறந்தார்கள். உங்கள் மனைவி அதில் வருவார் என்றே நினைக்கிறேன்.

விசாக் கட்டணம் ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் ஏறும். 2025 ஜூலைக்குப் பிந்தைய கணக்கில் 189 விசாவுக்கு முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர், துணைவருக்கு அதில் பாதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் கால்வாசி. உங்கள் நால்வருக்கும் சேர்த்து 10,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், தகுதி மதிப்பீடு, தேர்வு எல்லாவற்றுக்குமாக இன்னொரு 4,000 டாலரை ஒதுக்கி வையுங்கள். கடந்த பத்து வருடத்தில் ஊரில் ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். அது வந்து சேர நாளாகும், முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

முதலாளி தரும் தற்காலிக விசாவில் வேகமாகப் போய்விடலாமா என்றும் யோசிப்பீர்கள். போகலாம், பலர் போகிறார்கள். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீடு. 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டை வாங்கவே முடியாது. குழந்தைப் பராமரிப்பு மானியமும் பொதுவாகக் கிடைக்காது. நர்ஸ் வேலைக்கு நிரந்தர விசாவே கிடைக்கும் நிலையில் உங்கள் குடும்பத்துக்குக் காத்திருப்பதுதான் லாபம் என்பது என் கருத்து.

சரி, இனி பலரும் கவனிக்காமல் விடும் தேதிக்கு வருகிறேன். நீங்கள் ஆஸ்திரேலியாவில் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளராகும் நாள் அது. நிரந்தர விசாவில் வருகிறவருக்கு அன்றைய தினம் வெளிநாட்டில் இருக்கும் சொத்துகளையெல்லாம் அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாக ஆஸ்திரேலிய வரிச் சட்டம் கணக்கு வைக்கும். லெஸ்டர் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு வந்து, ஐந்து வருடம் கழித்து விற்கிறீர்கள் என்று வையுங்கள். லாபத்தை இங்கே கணக்கிடுவது அந்த நாளின் விலையிலிருந்து. அந்த விலை உங்களிடம் எழுத்தில் இருக்க வேண்டும். நாங்கள் வாங்கி வைக்கவில்லை. எங்கள் ஹாரோ ஃபிளாட்டைப் பிறகு விற்றபோது, பழைய தேதிக்கு மதிப்புப் போட்டுத் தர ஆள் தேடி அலைந்து, அதற்குப் பணமும் கொடுத்து, கடைசியில் வந்த மதிப்பும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. விமானம் ஏறும் வாரத்தில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கிவிடுங்கள். சில நூறு பவுண்டில் முடிகிற வேலை.

பிரிட்டன் பக்கமும் சும்மா விடாது. 2015 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டில் வாழ்பவர் அங்கே வீட்டை விற்றாலும் லாப வரி உண்டு. நீங்கள் குடியிருந்த காலத்துக்கு விலக்கு கிடைக்கும். ஆனால் விற்பனை முடிந்த 60 நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டும், வரி வராவிட்டாலும் கூட. வாடகைக்கு விடுவதானால் கடன் கொடுத்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு வீட்டுக்காரருக்கான பதிவையும் செய்யுங்கள். செய்யாவிட்டால் ஏஜென்ட் வாடகையில் 20 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்கு அனுப்பிவிடுவார்.

ஐசா என்ற பிரிட்டிஷ் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்கிறதா? வரியில்லாத கணக்கு என்பது பிரிட்டனுக்குள் மட்டும்தான். இங்கே அதன் வட்டியும் ஈவுத்தொகையும் வருமானம். ஆஸ்திரேலிய வரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, பிரிட்டனுடையது ஏப்ரல் 6இல். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால் முதல் வருடம் மட்டுமாவது இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவருக்குப் பணம் கொடுங்கள். கிளம்பும்போது, நாட்டை விட்டுப் போவதைப் பிரிட்டிஷ் வரித்துறைக்குச் சொல்லும் பி85 படிவத்தை நிரப்பி அனுப்ப மறக்க வேண்டாம், அந்த வருடத்தில் கூடுதலாகப் பிடித்த வரி திரும்ப வரும்.

ஓய்வூதியத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன, மூன்றையும் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். என்ஹெச்எஸ் ஓய்வூதியம் அங்கேயே இருக்கட்டும். அது விலைவாசியோடு ஏறும், நீங்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தாலும் ஏறும். கணவரின் தனியார் ஓய்வூதியத்தை இங்கே சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதிக்கு மாற்றலாம் என்று விளம்பரங்கள் வரும். 2015க்குப் பின் பிரிட்டன் விதிகளை இறுக்கிவிட்டது. 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த வழி நடைமுறையில் அடைபட்டுவிட்டது, 2028 ஏப்ரலில் பிரிட்டனில் அந்த வயது 57 ஆகிறது. அதுவரை இங்கே வந்த பிறகு வளர்ந்த தொகைக்கு, மாற்றும்போது வரி வரும். ஏற்கெனவே 55ஐத் தாண்டிய உறவினர் யாராவது உங்களோடு கிளம்புகிறார்களா? அவர்களுக்கு மட்டும் இன்னொரு தேதி உண்டு: வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளரான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மொத்தத் தொகையை எடுத்தால் ஆஸ்திரேலியா அதற்கு வரி போடுவதில்லை. ஏழாவது மாதம் அந்தச் சலுகை இல்லை.

மூன்றாவது அரசு ஓய்வூதியம். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. பிரிட்டனில் இருப்பவருக்கு வருடா வருடம் ஏறும் அரசு ஓய்வூதியம், ஆஸ்திரேலியாவில் வாழ்பவருக்கு முதலில் வாங்கிய தொகையிலேயே உறைந்து நின்றுவிடும். அமெரிக்காவுக்குப் போனவருக்கு ஏறும், ஐரோப்பிய நாடுகளுக்குப் போனவருக்கு ஏறும், இங்கே ஏறாது. 2016 ஏப்ரலில் புதிய முறையில் முழுத் தொகை வாரம் 155.65 பவுண்டு. அன்று ஓய்வு பெற்று மெல்பர்னில் இருப்பவர் 2025இலும் அதே 155.65தான் வாங்கினார். லெஸ்டரில் இருந்த அவர் வயதுக்காரருக்கு 230.25. வருடத்துக்கு 3,800 பவுண்டுக்கு மேல் வித்தியாசம், இனி வருடா வருடம் அது பெருகும். இருவரும் அரசு ஓய்வூதியத்துக்காகக் கட்டிய தேசியக் காப்பீட்டுத் தொகை ஒன்றே. ஆஸ்திரேலியா பிரிட்டனோடு வைத்திருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை 2001இல் முறித்துக்கொண்டதற்கு இந்த உறைவும் ஒரு காரணம். 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குப் போயும் ஓய்வூதியக்காரர்கள் தோற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பத்துப் பவுண்டு கட்டணத்தில் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே சில வருடம் உழைத்துக் காப்பீடு கட்டிவிட்டு வந்த அந்தத் தலைமுறைக்காரர்களில் பலர் இந்த உறைந்த தொகையை வாங்கிக்கொண்டே வயதானார்கள். இந்த நிலை மாறும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

உறைந்தாலும் காப்பீட்டு வருடங்களை வாங்கிப் போடுவது லாபம்தான். கணக்கைப் பாருங்கள். முழுத் தொகைக்கு 35 வருடம் வேண்டும், குறைந்தது 10. உங்களுக்குப் பதினான்கு இருக்கிறது. 2025-26 கணக்கில், நாமாக விரும்பிக் கட்டும் மூன்றாம் வகுப்புக் காப்பீட்டில் ஒரு வருடத்தை வாங்க 923 பவுண்டு. அதற்கு வாழ்நாள் முழுதும் வருடத்துக்கு 342 பவுண்டு கூடும். மூன்று வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட மிக மலிவாக இருந்த இரண்டாம் வகுப்பை 2026 ஏப்ரல் 6 முதல் மூடுவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். ஆகவே மலிவாகக் கட்டலாம் என்று பழைய ஆட்கள் சொல்வதை இனி நம்ப வேண்டாம். அரசுத் தளத்தில் உங்கள் இருவரின் பதிவையும் இப்போதே எடுத்து, விடுபட்ட வருடம் எது என்று பாருங்கள்.

இனி கப்பல் சாமான். குறைந்தது பன்னிரண்டு மாதமாக உங்களுடையதாக இருந்து, நீங்கள் பயன்படுத்திய பொருள்களுக்குச் சுங்க வரி இல்லை. கிளம்பப் போகிறோமே என்று கடைசி மாதத்தில் புது டிவி, புது சோபா வாங்குவது இரட்டை நஷ்டம். மின்சாரம் இரு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஓடும். நாங்கள் கிரைண்டரைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டு இங்கே இரண்டு பங்கு விலைக்கு வாங்கினோம். பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் உயிர்ப் பாதுகாப்புச் சோதனை கடுமையானது. தோட்டக் கருவி, சைக்கிள் டயர், கால்பந்து ஷூ ஆகியவற்றில் ஒட்டிய மண், மரச் சாமான், விதை, ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்து, எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். எங்கள் பெட்டிகளில் ஒரு துடைப்பத்தை எழுதாமல் விட்டதற்குத் திறந்து பார்க்கும் கட்டணம் கட்டினோம். சாமான் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, அதுவரை வேண்டிய பாத்திரம், போர்வை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பெட்டியில் கையோடு வரட்டும்.

பவுண்டை டாலராக மாற்றுவதில் எங்களுக்குப் பெரிய அடி. 2013 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஒன்றரை டாலர்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதுவே இரண்டு டாலர். 60,000 பவுண்டை ஒரே நாளில் மாற்றிய எங்களுக்கு 30,000 டாலர் போனது. நாளைய விலையை யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்கிறேன். முதல் ஆறு மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, மீதியைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். வங்கியைவிடப் பணமாற்று நிறுவனங்கள் நல்ல விலை தரும், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

வந்து இறங்கிய முதல் மூன்று மாதம்தான் சேமிப்பைக் குடிக்கும் காலம். வாடகையை இங்கே வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 600 டாலர் என்றால் நாலால் பெருக்கி 2,400 என்று நினைப்போம், மாதக் கணக்கு 2,600. அதே அளவு முன்பணமும் சேர்ந்தால் சாவி வாங்கும் அன்று 5,200 டாலர் போய்விடும். அதுவும் வீடு கிடைத்தால். பார்க்க வரும் இருபது குடும்பத்தில் இந்நாட்டு வாடகை வரலாறு இல்லாதவர் நீங்கள் மட்டும்தான். லெஸ்டரில் வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு, இங்கே கிடைத்த வேலை உத்தரவு, சேமிப்புக் கணக்கின் அறிக்கை, மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து விண்ணப்பியுங்கள். பிரிட்டனில் சேர்த்த கடன் மதிப்பெண் கடல் தாண்டி வராது. கார் காப்பீட்டில் விபத்தே இல்லாத வருடங்களுக்கான கடிதத்தை மட்டும் கையோடு வாங்கி வாருங்கள், அதை மதிக்கும் நிறுவனங்கள் உண்டு. புறநகரில் கார் இல்லாமல் நர்ஸ் வேலைக்கு ஷிஃப்ட் போக முடியாது, ஆகவே அதையும் முதல் மாதச் செலவில் சேருங்கள்.

பிரிட்டனில் கவுன்சில் வரி என்று மாதா மாதம் கட்டுகிறீர்களே, இங்கே வாடகைக்கு இருப்பவர் அதைக் கட்ட வேண்டியதில்லை. சந்தோஷப்பட அது ஒன்று. மருத்துவத்தில் எதிர்மாறு. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, ஆனால் பல ஜிபிக்களிடம் (குடும்ப மருத்துவர்) கைப்பணம் கொடுக்க வேண்டும், பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் அதில் இல்லை. ஆம்புலன்ஸும் மெடிகேரில் சேராது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் குடும்பத்துக்கு வருடம் சுமார் 100 டாலர் கட்டி ஆம்புலன்ஸ் சேவையில் உறுப்பினராகலாம், வந்த முதல் வாரமே கட்டுங்கள். தனியார் காப்பீட்டுக்கும் ஒரு தேதி இருக்கிறது: மெடிகேரில் பதிவு செய்து பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால், பிறகு எடுக்கும்போது 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம் கூடுதலாக வசூலிப்பார்கள். உங்கள் வயதில் அது இருபது சதவீதத்தைத் தாண்டும். அரசு உதவித்தொகை வேலையிழந்தவர்களுக்கு நிரந்தர விசா வந்து நாலு வருடம் கழித்துத்தான். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

நாலு வயதுப் பிள்ளை அங்கே பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனில் இருக்கும். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்குகிறது, அந்த வருடம் ஏப்ரல் 30க்குள் ஐந்து முடிய வேண்டும். பிள்ளை மறுபடியும் கிண்டர் என்ற மழலையர் வகுப்புக்குப் போக நேரலாம். பின்தங்கிவிட்டதாக வருத்தப்படாதீர்கள், இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். விக்டோரியாவில் கிண்டர் இலவசம் என்பதால் பராமரிப்புச் செலவும் குறையும். பத்து வயதுப் பிள்ளைக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்து சேர்வது நல்லது, புது வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து தொடங்கும்.

கடைசியாக ஈஸ்ட் ஹாம். நீங்கள் கேள்வியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். பிறகு அவர்களையும் அழைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் இருந்தால் இன்றே உட்கார்ந்து பேசுங்கள். பெற்றோருக்கான நிரந்தர விசாவில் பணம் கட்டும் வகைக்கு ஒருவருக்குச் சுமார் 48,000 டாலர், அதற்கும் காத்திருப்பு பத்து வருடத்துக்கு மேல். பணம் குறைவான வகையில் முப்பது வருடம் என்று அரசே சொல்கிறது. அவர்கள் பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, மனைவிக்கு எத்தனை உடன்பிறப்பு என்று எண்ணிப் பாருங்கள். மூன்று அல்லது ஐந்து வருடத் தற்காலிகப் பெற்றோர் விசா ஒன்று இருக்கிறது. பலரும் அதையும் வருகையாளர் விசாவையும் வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

என் மாமனாருக்கு முடியாமல் போனபோது ஹாரோவிலிருந்து போன் வந்தது இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு. அன்று இரவுதான் விமானம் கிடைத்தது. என் மனைவி வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த அவசர டிக்கெட்டுக்கு வேண்டிய பணம் எங்களிடம் கடன் அட்டையில்தான் இருந்தது. உங்கள் 35,000 பவுண்டில் 4,000 பவுண்டை எடுத்து அங்கேயே ஒரு கணக்கில் போட்டு, மனைவியின் பெயரில் வைத்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கோ கார் வாங்கவோ அதைத் தொடாதீர்கள்.